ஐயப்படுவோரின் அறம்

நம்புவது பெரிதா, ஐயப்படுவது பெரிதா என்று கேட்டால், கல்வித் துறையில் இருப்போர் பெரும்பாலும் ஐயப்படுவதே பெரிது என்பர். அறிவியல் ஐயத்தால் வளர்ந்தது. கேட்டதையெல்லாம் மெய்யென்று கொள்ளாதிருப்பது அறிவுடைமையின் முதற்படி. வகுப்பறையில் நாம் மாணவர்க்குப் புகட்டுவதும் இதுவே. ஆயினும், இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு வினாவை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஒன்றை மெய்யென்று சொல்கிறவர் அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். அதனைப் பொய்யென்று சொல்கிறவருக்குக் கடமை ஏதும் இல்லையா? 'நான் நம்பவில்லை' என்னும் ஒரு சொல்லோடு அவர் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

இவ்வினாவிற்கு ஏட்டளவில் விடை கூறுவது எளிது. ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்னிறுத்தி விடை தேடும்போதுதான் அதன் கனம் விளங்கும். அத்தகைய ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். பிள்ளைப் பேறு இல்லாத தம்பதியருக்கு மருத்துவம் செய்தவர். தாம் செய்ததைச் சொன்னபோது பொய்யர் எனத் தூற்றப்பட்டவர். இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து உண்மை பேசியவர் என ஒப்புக்கொள்ளப்பட்டவர். அவர் வாழ்வில் யார் எதைச் செய்யத் தவறினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வியும் களமும்

சுபாஷ் 1931ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அந்நாளில் பீகாரைச் சேர்ந்திருந்த ஹசாரிபாக் நகரில் பிறந்தார். உடலியலில் சிறப்புப் பட்டம் பெற்று, 1955இல் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1958இல் இனப்பெருக்க உடலியலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். அத்தோடு நில்லாமல் ஸ்காட்லாந்து சென்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்மோன் ஆய்வில் ஈடுபட்டு, 1967இல் இரண்டாம் முனைவர் பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார். மருத்துவமும் உடலியலும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமை அரிது. பின்னர் அவர் சாதித்ததற்கு இந்தச் சேர்க்கையே அடித்தளம் எனலாம்.

1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் என்னும் பெண் குழந்தை பிறந்தது. தாயின் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் கருவுறச் செய்து பிறந்த முதற்குழந்தை அது. உலகம் அதனைச் 'சோதனைக் குழாய்க் குழந்தை' என்றழைத்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் உடலியல் அறிஞரும், பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மகப்பேற்று மருத்துவரும், ஜீன் பர்டி என்னும் ஆய்வுத் துணைவரும் அதனைச் சாதித்தனர்.

அதற்குச் சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலமாதலால் அக்குழந்தைக்குத் துர்கா என்று செல்லப் பெயர் வழங்கிற்று. இக்குழந்தையும் உடலுக்கு வெளியே கருவான குழந்தையே என்று டாக்டர் சுபாஷ் அறிவித்தார். அவருக்குத் துணை நின்றோர் இருவர். ஒருவர், உறைகுளிர் நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜி. மற்றவர், மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

அவர் செய்தது என்ன?

இங்கிலாந்துக் குழுவைப் பார்த்துச் சுபாஷ் அப்படியே செய்துவிட்டார் என்று எண்ணினால் அது பிழையாகும். அவர் வழி வேறு. இதனை ஓரளவு விரித்துரைப்பது தேவையாகிறது.

ஒரு பெண்ணின் உடலில் இயல்பாக மாதம் ஒரு முட்டை முதிர்கிறது. இங்கிலாந்துக் குழுவினர் லூயிஸின் தாயிடம் அந்த ஒரு முட்டையையே எதிர்பார்த்துக் காத்திருந்து, வயிற்றில் சிறு துளையிட்டு உள்நோக்கிக் கருவியின் துணையால் அதனை எடுத்தனர். சுபாஷோ ஹார்மோன் மருந்து கொடுத்து ஒரே சுற்றில் பல முட்டைகள் முதிருமாறு செய்தார். அவற்றை வயிற்றின் வழியே எடுக்காமல், பிறப்பு வழியின் பின்சுவரில் சிறு கீறலிட்டு எடுத்தார். விலையுயர்ந்த உள்நோக்கிக் கருவி இதற்குத் தேவைப்படவில்லை.

இவற்றினும் துணிவானது மூன்றாம் படி. முட்டைகளை முதிரச் செய்யத் தரும் மருந்து, அதே மாதத்தில் கருப்பையின் உள்பூச்சைக் கருவை ஏற்பதற்கு உகந்த நிலையில் இருக்க விடாமல் செய்யலாம். ஆதலின், உருவான கருவை உடனே உள்ளே வைக்காமல், டைமெதில் சல்பாக்சைடு என்னும் பாதுகாப்பு நீர்மத்தின் துணையோடு உறைகுளிரில் வைத்துக் காத்தார். தாயின் உடல் மருந்தின் தாக்கத்திலிருந்து நீங்கி இயல்பு நிலைக்குத் திரும்பிய பின்னர், வேறொரு சுற்றில் உறைவு நீக்கிக் கருப்பையில் வைத்தார். துர்கா அவ்வாறு பிறந்த குழந்தை என்பது அவர் கூற்று.

உறையவைத்த மனிதக் கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்ததாக மேனாட்டு அறிவியல் பதிவு செய்தது 1984ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில். இன்றோ உலகெங்கும் உள்ள மகப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களில் மருந்தால் பல முட்டைகளை முதிரச் செய்வதும், பிறப்பு வழியாகவே முட்டைகளை எடுப்பதும், கருவை உறையவைத்துப் பின்னொரு சுற்றில் வைப்பதும் அன்றாட வழக்கங்களாகிவிட்டன. கல்கத்தாவில் ஒருவர் 1978இல் நடந்த பாதைக்குத்தான் உலகம் பின்னர் வேறு வழிகளால் வந்து சேர்ந்தது.

குழுவின் தீர்ப்பு

அறிவிப்பு வெளியானதும் பாராட்டைவிட ஐயமே மிகுதியாக எழுந்தது. மேற்கு வங்காள அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைமையில் அமர்ந்தவர் வானொலி இயற்பியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர். தம் துறையில் அவர் அறிஞராகவே இருந்திருக்கலாம். ஆனால் வானொலி அலைகளை அறிந்தவர் கருவின் உயிரணுக்களைப் பற்றித் தீர்ப்புரைப்பது எவ்வாறு பொருந்தும்? குழுவில் இருந்தோர் எவரும் உடலுக்கு வெளியே மனிதக் கருவை உருவாக்கிய பட்டறிவு உடையவர் அல்லர். அன்றைய இந்தியாவில் அந்தப் பட்டறிவு சுபாஷுக்கும் அவர் துணைவருக்குமே இருந்தது.

குழு அவர் கூற்றை நம்பத்தகாதது எனத் தள்ளியது. அதனோடு நின்றிருந்தாலும் காலம் அதனைத் திருத்தியிருக்கும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்திலிருந்து, 1979இல் வந்து தம் ஆய்வை விளக்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. அரசு ஊழியராகிய அவருக்குச் செல்ல இசைவு தரப்படவில்லை. அவர் கல்கத்தாவிலிருந்து பாங்குரா என்னும் ஊரிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அங்கு அவர் ஆய்வைத் தொடர்வதற்கு உரிய வசதி இல்லை. நெஞ்சு நோயும் அவரைப் பற்றியது. 1981 ஜூன் மாதம் வந்த மாற்றல் ஆணை, அவரைக் கல்கத்தாவில் உள்ள கண் மருத்துவ நிலையத்திற்கு அனுப்பியது. வாழ்நாள் முழுதும் ஹார்மோன்களையும் கருவையும் ஆராய்ந்தவருக்குக் கண் மருத்துவ நிலையத்தில் என்ன வேலை? அவ்வாணை வந்து சில நாள்களில், 1981 ஜூன் 19ஆம் நாள், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

தற்கொலைக்கு ஒரே காரணம் கூறுவது எப்போதும் பொருந்தாது. மனித உள்ளத்தின் ஆழத்தை வெளியிலிருந்து அளந்துவிட இயலாது. அவர் இறப்புக்கு இன்னாரே பொறுப்பு என்று இங்குத் தீர்ப்பெழுதினால், ஆராயாமல் தீர்ப்பெழுதிய அக்குழுவின் வரிசையிலேயே நாமும் சேர்ந்துவிடுவோம். நாம் ஆராய வேண்டியது அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைத்த நீதியின் தன்மையை.

எதிர்த்தரப்பின் நியாயம்

ஐயப்பட்டவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லையா? உண்டு. அதனை நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும்.

முதலாவது, அவர் கூறியது மிகப் பெரிய செய்தி. உலகில் இரண்டாவது முறையாக நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்று. அதுவும், பல ஆண்டுகள் உழைத்த இங்கிலாந்துக் குழு வென்ற பத்தே வாரங்களில். பெரிய கூற்றுக்குப் பெரிய சான்று கேட்பது இயல்பே. இரண்டாவது, விரிவான ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்னரே செய்தி மக்களிடம் சென்றுவிட்டது. மூன்றாவது, குழந்தையின் குடும்பத்தார் தம் பெயரும் முகமும் ஊரறிய வெளிப்படுவதை விரும்பவில்லை. பிள்ளை இல்லாமையையும் அதற்குச் செய்துகொண்ட மருத்துவத்தையும் மறைத்து வாழும் சமூகத்தில் அவர்கள் அஞ்சியது வியப்பன்று. மருத்துவரும் அவர்கள் விருப்பத்தை மதித்தார்.

இவற்றுள் இரண்டாவது காரணம் வலுவற்றது. லூயிஸ் பிரௌன் பிறந்த செய்தியும் நாளிதழ்களின் வழியாகவே உலகுக்கு முதலில் தெரிந்தது. மருத்துவ இதழில் சுருக்கமான மடல் அதன் பின்னரே வெளிவந்தது. சுபாஷ் குழுவினரும் 1978இலேயே இந்தியக் குளிரியல் ஆய்விதழில் தம் பணியைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டனர்.

மூன்றாவது காரணமே ஆழமானது. இங்கே இரண்டு அறங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நோயாளியின் மறைவைக் காப்பது மருத்துவரின் அறம். தான் கண்டதைப் பிறர் சோதிக்கத் திறந்துவைப்பது ஆய்வாளரின் அறம். ஒருவரே மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருக்கும்போது எதனைக் கைவிடுவது? தாயையும் சேயையும் அவைமுன் நிறுத்தியிருந்தால் தம் பெயர் ஓங்கியிருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். தம்மை நம்பி வந்தவர்களின் நலனைத் தம் புகழுக்கு மேலாக வைத்தார். அதனைக் குற்றமென்று கொள்வது கடினம்.

மேலும், குழந்தையை நேரில் நிறுத்தியிருந்தாலும் அது சான்றாகியிருக்குமா? உடலுக்கு வெளியே கருவான குழந்தையும் பிற குழந்தைகளைப் போன்றதே. அதன் குருதி தாய் தந்தையரின் குருதியோடு ஒத்திருக்கும். அதன் உடலில் எந்த அடையாளமும் இராது. இங்கிலாந்தில் மகப்பேற்று அறுவையின்போது தாயின் கருக்குழாய்களின் நிலையைப் படம் பிடித்து வைத்தனர். இயல்பாகக் கருத்தரிக்க இயலாது என்பதற்கு அது சான்றாயிற்று. அத்தகைய முன்னேற்பாடு கல்கத்தாவில் இல்லாதபோது எஞ்சிய சான்றுகள் இரண்டே. ஒன்று, மருத்துவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்த ஆய்வுக் குறிப்புகள். மற்றொன்று, அதனை மீண்டும் செய்து காட்டல்.

இவ்விரண்டில்தான் தீர்ப்பளித்தோரின் கடமை அடங்கியிருந்தது. குறிப்புகளை அத்துறை வல்லுநர் ஒருவரிடம் தந்து படிக்கச் செய்திருக்கலாம். இந்தியாவில் அத்தகையவர் இல்லையெனில் அயல்நாட்டிலிருந்து அழைத்திருக்கலாம். 'உமக்கு ஓர் ஆய்வுக்கூடமும் ஈராண்டுக் காலமும் தருகிறோம்; மீண்டும் செய்து காட்டுக' என்று கேட்டிருக்கலாம். அவரை நம்பாதவர்கள்கூட அப்படிக் கேட்டிருக்க முடியும். அதுவே கண்டிப்பான ஐயமாகவும் இருந்திருக்கும். ஆனால் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. செய்து காட்ட இயலாத ஊர்களுக்கும் துறைகளுக்கும் அவர் அனுப்பப்பட்டார். பின்னர், அவர் செய்து காட்டவில்லை என்பதே அவருக்கு எதிரான சான்றாகிவிட்டது.

ஆளை நோக்குவதும் செயலை நோக்குவதும்

இத்துறையில் பொய்யரே இல்லை என்று எவரும் கூறார். மகவு வேண்டி ஏங்கும் உள்ளம் எளிதில் நம்பும் உள்ளம். அதனைப் பயன்படுத்திக்கொண்டோர் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சிசில் ஜேகப்சன் என்னும் மருத்துவர் பெரும் பெயர் பெற்றிருந்தார். கருவிலுள்ள குழந்தையின் குறைகளை முன்கூட்டி அறியும் பனிக்குட நீர்ச் சோதனையை அந்நாட்டில் தொடக்கத்தில் கையாண்டவர்களுள் ஒருவர் அவர். அவரோ தம்மிடம் வந்த பெண்களுக்கு ஒரு ஹார்மோன் ஊசியைப் போட்டு வந்தார். அந்த ஊசியின் விளைவாகவே, கருத்தரிக்காதபோதும் கருவுற்றதாகச் சோதனை காட்டும். சில வாரங்கள் கழித்துக் கரு இறந்து உடலில் கரைந்துவிட்டது என்று கூறி அனுப்பிவிடுவார். பெயர் வெளியிடாத கொடையாளரின் விந்து என்று கூறித் தம் விந்தையே பல பெண்களுக்குச் செலுத்தியதும் மரபணுச் சோதனையால் வெளிப்பட்டது. 1992இல் நீதிமன்றம் அவரை 52 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனக் கண்டு சிறைக்கு அனுப்பியது.

இத்தாலியில் செவரினோ அந்தினோரி என்னும் மருத்துவர், மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்களையும் தாயாக்கி 1990களில் உலகப் புகழும் கண்டனமும் ஒருங்கே பெற்றார். 2001இல் மனிதரை நகலெடுக்கப் போவதாக அறிவித்தார். மறு ஆண்டு, அம்முயற்சியில் கருவுற்ற பெண் ஒருவர் இருப்பதாகவும் கூறினார். செய்தியாளர்கள் கூட்டங்கள் பல நடந்தன. ஆனால் குழந்தையோ, குறிப்போ, சோதிக்கத்தக்க வேறு சான்றோ எதுவும் அறிவுலகின்முன் வைக்கப்படவில்லை.

இம்மூவரையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். ஜேகப்சனின் பெருமையைக் கண்டு பெண்கள் அவரை நம்பினர். அந்த நம்பிக்கை அவர்களை ஏமாற்றியது. அந்தினோரியின் ஆரவாரம் உலகத்தின் செவிகளை ஈர்த்தது. ஆயினும் உள்ளீடு காட்டப்படவில்லை. சுபாஷுக்குப் பெரிய நிறுவனத்தின் பின்புலம் இல்லை; கல்கத்தாவில், குறைந்த வசதியில், இப்படியொன்று நடந்திருக்க முடியாது என்று அவருடைய நாட்டவரே எண்ணினர். ஆளையும் இடத்தையும் நோக்கி எடை போட்டவர்கள் நம்பியபோதும் தவறினர். நம்ப மறுத்தபோதும் தவறினர். ஜேகப்சனின் பொய்யை வெளிக்கொணர்ந்தது எது? வேறு மருத்துவர்கள் அப்பெண்களைச் சோதித்துக் கருவே இல்லை என்று கண்டமையும், மரபணுச் சோதனையுமே. சுபாஷின் மெய்யை வெளிக்கொணர்ந்தது எது? அவர் எழுதிய குறிப்புகளை ஒருவர் அமர்ந்து படித்தமையே. பொய்யனைப் பிடிக்கும் முறையும் மெய்யனைக் காக்கும் முறையும் ஒன்றாகவே இருப்பது இதனால் புலனாகும்.

பாண்டியனும் ஆனந்தகுமாரும்

குறிப்புகளைப் படித்த அந்த ஒருவரைப் பற்றிக் கூற வேண்டும். இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை என நெடுங்காலம் பதிவாகியிருந்தது, 1986 ஆகஸ்ட் 6ஆம் நாள் பம்பாயில் பிறந்த ஹர்ஷா என்னும் குழந்தை. அச்சாதனைக்கு உரியவர்களாகப் போற்றப்பட்டவர்கள் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், அறிவியலறிஞர் டி. சி. ஆனந்தகுமாரும். ஆனந்தகுமார் 1997ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த மாநாட்டிற்குச் சென்றபோது சுபாஷின் கைக்குறிப்புகள் அவரிடம் தரப்பட்டன. அவர் அவற்றை ஊன்றிப் படித்தார். துர்காவின் பெற்றோரோடும் உரையாடினார். பின்பு, இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையைத் தந்த சிறப்பு சுபாஷுக்கே உரியது என்று அவ்வாண்டே 'கரன்ட் சயின்ஸ்' இதழில் தம் பெயரிட்டு எழுதினார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சுபாஷின் கூற்று மெய்யானால் 'முதல்வர்' என்னும் சிறப்பை இழப்பவர் ஆனந்தகுமாரே. அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் அவரைக் கேட்பார் இல்லை. இறந்தவர் எழுந்து வந்து வழக்காடப் போவதில்லை. பதினொரு ஆண்டுகளாகத் தம் தோளில் கிடந்த மாலையை அவர் தாமே கழற்றி, மறைந்த ஒருவரின் படத்திற்குச் சூட்டினார். அவர் படித்த குறிப்புகள் புதியனவும் அல்ல. 1978இல் குழுவினர் கேட்டிருந்தால் அவர்களும் படித்திருக்கக் கூடியவை.

தமிழ் மாணவர்க்கு இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. பொற்கொல்லன் சொல் கேட்டு, ஆராயாமல் கோவலனைக் கொல்லப் பணித்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். அவன் கொடியவனாக இருந்ததாக இளங்கோவடிகள் காட்டவில்லை. வேறு நினைவில் இருந்தான், விரைந்து முடிவெடுத்தான், சான்றைக் கேட்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். தவறிய நீதிக்குத் தன் உயிரையே ஈடாகத் தந்தான் என்று நாம் வகுப்பில் வியந்து கற்பிக்கிறோம். ஆனால் அவன் உயிரை விட்டும் கோவலன் மதுரைக்குத் திரும்பவில்லை. ஆராய்ச்சி முன்னே வர வேண்டும்; பின்னே வருவது இரங்கலாகவே முடியும். கல்கத்தாவில் தீர்ப்பளித்தோர் செய்யாத ஈட்டை, தீர்ப்பில் எவ்விதப் பங்கும் இல்லாத ஆனந்தகுமார் செய்தார். அதனால் அவர் செயல் பாண்டியன் செயலினும் ஒருவகையில் உயர்ந்தது.

ரமாபத சௌதுரி என்னும் வங்க எழுத்தாளர் இவ்வாழ்க்கையின் தாக்கத்தில் எழுதிய புதினத்திற்கு 'அபிமன்யு' என்று பெயரிட்டார். அதனைத் தழுவி இயக்குநர் தபன் சின்ஹா 1990இல் இந்தித் திரைப்படம் ஒன்றை உருவாக்கினார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுபாஷின் பணியை ஏற்றுக்கொண்டது. துர்கா என்னும் அக்குழந்தை வளர்ந்து, தம் இருபத்தைந்தாம் அகவையில் தாமே முன்வந்து தம்மை உலகுக்கு அறிவித்துக்கொண்டார். மறைவைக் காக்கும் உரிமையும் அதனை விலக்கும் உரிமையும் அவருக்கே உரியவை. மருத்துவர் காத்து வைத்திருந்தது அந்த உரிமையைத்தான்.

முதன்மையும் உண்மையும்

இவ்விடத்தில் நம் மண்ணைச் சார்ந்த செய்தி ஒன்றையும் நினைவுகூர வேண்டும். ஆசியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை 1983 மே மாதத்தில் சிங்கப்பூரில் பிறந்தது என்று நாம் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறோம். அம்மருத்துவக் குழுவிற்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர் என்பதால் நம் பெருமை இரட்டிப்பாயிற்று. துர்கா பிறந்த நாளையும் இந்நாளையும் ஒப்பிட்டால் இடைவெளி ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள்.

பேராசிரியர் ரத்னத்தின் பணி இதனால் சிறிதும் குறையவில்லை. அவருடைய குழு தன் உழைப்பால் வென்றது. தன் பணியைத் தொடர்ந்து செய்தது. பல குடும்பங்களில் மகிழ்ச்சியை விளைவித்தது. கல்கத்தாவில் அடைக்கப்பட்ட வழி சிங்கப்பூரில் திறந்திருந்தது என்பதே இரண்டிற்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆயினும் 'முதல்' என்னும் சொல்லை நாம் வகுப்பில் சொல்லும்போது துர்காவையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. தம் பெருமையைக் குறைத்துக்கொள்ளும் உண்மையை ஆனந்தகுமாரால் சொல்ல முடிந்ததென்றால், நம்மவர் பெருமை பற்றிய செய்தியில் நாம் அதைச் சொல்லத் தயங்குவது அழகாகாது.

நமக்குரிய பாடம்

இவ்வாழ்க்கை மருத்துவர்களுக்கும் அரசுகளுக்கும் மட்டும் உரிய பாடமன்று. நாள்தோறும் தீர்ப்பளிக்கும் தொழில் ஆசிரியத் தொழில். நம் மேசைமேல் விடைத்தாள்கள் குவிகின்றன. ஒரு மாணவன் நாம் கற்பித்த வழியை விட்டு வேறு வழியில் கணக்கைத் தீர்த்திருக்கிறான். எப்போதும் பின்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி, அவள் எழுதியிருப்பாள் என்று நம்ப முடியாத நல்ல கட்டுரையை எழுதித் தருகிறாள். 'இதை நீ எழுதியிருக்க மாட்டாய்' என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். 'உட்கார், இதைப் பற்றி எனக்குச் சொல்; இன்னொரு தலைப்பில் என் முன்னால் எழுது' என்று கேட்பதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். முன்னதும் ஐயந்தான்; பின்னதும் ஐயந்தான். முன்னது அம்மாணவியின் வாயை அடைக்கிறது. பின்னது, அவள் ஏமாற்றியிருந்தால் அதனைக் காட்டிவிடும். ஏமாற்றவில்லையென்றால் ஓர் எழுத்தாளரை நமக்குத் தந்துவிடும்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டார். தெளிதல் என்பது நம்புதல். அதற்கு முன் தெரிதல், அதாவது ஆராய்தல் வர வேண்டும் என்பது அப்பெயரிலேயே அமைந்த முறை. நம்பாமைக்கும் இதே முறை பொருந்தும். ஆராய்ந்து நம்ப வேண்டுவது போலவே ஆராய்ந்தே தள்ள வேண்டும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இவ்வாறு விடை கூறலாம். ஐயப்படுவோருக்கு மூன்று கடமைகள் உண்டு. தமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரைத் தேடிக் கேட்பது முதற்கடமை. கூறியவர் தம் கூற்றை நிறுவுவதற்கு இடமும் காலமும் தருவது இரண்டாம் கடமை. தம் ஐயம் தவறெனத் தெரிந்தபின் அதனைப் பலர் அறியச் சொல்வது மூன்றாம் கடமை. இம்மூன்றையும் ஏற்காதவர் 'நான் ஐயப்படுகிறேன்' என்று கூறும் உரிமையைப் பெறவில்லை. அவர் கூறுவது மறுப்பு மட்டுமே. அதிகாரம் உடையவர் வாயிலிருந்து வரும் மறுப்பு, ஓர் ஆய்வுக்கூடத்தைப் பூட்டவும் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பை முடக்கவும் வல்லது என்பதைக் கல்கத்தா காட்டியது.

சுபாஷ் முகோபாத்யாய் தம் குறிப்புகளை விட்டுச் சென்றார். அவற்றைப் படிக்க ஒருவர் வருவதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. நம் கைக்கு வரும் தாள்களை அன்றன்றே படிப்பது நம்மால் இயலக்கூடியதே.